தண்ணீர் மேல் 511 கிலோமீட்டர்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் நம் விமானப்படையில் இருந்த நாட் என்ற சிறிய போர் விமானத்தைப் பற்றி எழுதும்போது, "இதே இன்ஜின் ஒரு படகிலும் ஓடியிருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தன. ஆகவே இந்த முறை தண்ணீர் வேகச் சாதனை பற்றிய கேள்விகள் மட்டும். பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் இன்ஜின் பிரிவில் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். என் பதில்களும் இன்ஜின் பக்கம் நின்று பார்த்தவையாகத்தான் இருக்கும்.

தண்ணீரில் மிக வேகமாகப் போனவர் யார்? அந்த வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?
(வாசகர், திருநெல்வேலி)

ஆஸ்திரேலியாக்காரர் கென் வார்பி. 1978 அக்டோபர் 8 அன்று, நியூ சவுத் வேல்ஸில் டியூமட் ஊருக்குப் பக்கத்திலுள்ள பிளவரிங் அணை நீர்த்தேக்கத்தில், 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா' என்ற தன் படகில் மணிக்கு 511.11 கிலோமீட்டர் போனார். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை.

ஒரு தடவை சீறிக்கொண்டு போய்விட்டால் சாதனை ஆகிவிடாது. அளந்து குறித்த ஒரு கிலோமீட்டரை ஒரு திசையில் கடக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையில் திரும்பவும் கடக்க வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. காற்றோ நீரோட்டமோ ஒரு பக்கம் உதவினால் மறுபக்கம் தடுக்கும், அதனால் இப்படி ஒரு விதி. நியாயமான விதிதான். ஆனால் திரும்பி வரும்போது, போகையில் நீங்களே கிளப்பிவிட்ட அலைகள் மேல்தான் வர வேண்டியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு பதிலில் வரும்.

வார்பியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில், திறந்தவெளியில் வைத்து அந்தப் படகைக் கட்டினார். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வேலையை நிறுத்த வேண்டியதுதான். உடம்பு பெரும்பாலும் மரமும் பிளைவுட்டும். இன்ஜின் வெஸ்டிங்ஹவுஸ் ஜே34 ஜெட். ஆஸ்திரேலிய விமானப்படை கழித்துப்போட்ட சரக்கு, ஏலத்தில் நூறு டாலர்கூட ஆகவில்லை. மின்கருவிகள் விற்கும் சேல்ஸ்மேன் வேலை பார்த்துக்கொண்டே, ஓவியங்கள் வரைந்து விற்றும் பணம் சேர்த்தார். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் ஃபிங்க் வடிவமைப்பில் உதவினார். 1977 நவம்பரில் 464 கிலோமீட்டரைத் தொட்டு முதல் சாதனை. அடுத்த ஆண்டு 500-ஐத் தாண்டினார். படகைத் தானே வடிவமைத்து, தானே கட்டி, தானே ஓட்டி இந்தச் சாதனையைப் பிடித்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை.

ரயிலே 500 கிலோமீட்டர் வேகம் போகிறது. விமானம் அதைவிட வேகம். படகுக்கு மட்டும் ஏன் இது இவ்வளவு கஷ்டம்? பெரிய இன்ஜின் மாட்டினால் போதாதா?
(பொறியியல் மாணவி, திருச்சி)

போதாதும்மா. இன்ஜின் இங்கே ஒரு நாளும் பஞ்சமாக இருந்ததில்லை. சிக்கல் தண்ணீரிலும் காற்றிலும் இருக்கிறது.

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. உடம்பு முழுக்கத் தண்ணீரில் அமிழ்ந்தபடி வேகம் எடுக்க முடியாது. படகைத் தண்ணீருக்கு மேலே தூக்க வேண்டும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்தால் தத்தித் தத்திப் போகிறதே, அந்த மாதிரி. இந்தப் படகுகளுக்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு மிதவைகள், பின்னால் ஒரு முனை, ஆக மொத்தம் மூன்று புள்ளிகள். முழு வேகத்தில் அந்த மூன்று இடங்களில் சிறு பரப்பு மட்டும்தான் தண்ணீரைத் தொடும். மீதிப் படகு காற்றில்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. படகின் அடியில் புகும் காற்று அதை மேலே தள்ளுகிறது. வேகம் இரட்டிப்பானால் அந்தத் தூக்குவிசை நான்கு மடங்காகும். மூக்கு கொஞ்சம் நிமிர்ந்தால் அடியில் இன்னும் அதிகக் காற்று புகும், மூக்கு இன்னும் நிமிரும். சில டிகிரிதான் கணக்கு. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஓட்டுபவர் ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை, படகு பின்பக்கமாக மல்லாந்துவிடும். விமானத்துக்கு இறக்கையும் வாலும் வானத்தில் இடமும் இருக்கின்றன. படகு தண்ணீரைவிட்டு மேலே போகவும் கூடாது, உள்ளே அமுங்கவும் கூடாது. அந்த நடுக்கோட்டில் அதை நிறுத்திவைப்பதுதான் மொத்த வேலையும்.

இன்னொன்றும் உண்டு. ரோட்டில் ஒரு பள்ளம் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். தண்ணீரில் அப்படி இல்லை. ஒரு மரத்துண்டு எங்கிருந்தோ மிதந்து வரும், தூரத்தில் போன படகின் அலை ஐந்து நிமிடம் கழித்து வந்து சேரும். அந்த வேகத்தில் அரை அடி அலையே ஒரு மேடு.

நாட் விமானத்தின் இன்ஜின் ஓடிய படகு எது? அதன் கதையைச் சொல்லுங்கள் ஐயா.
(வாசகர், கோயம்புத்தூர்)

டொனால்ட் காம்ப்பெல்லின் 'புளூபேர்ட் கே7'. இதற்குப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய அப்பா மால்கம் காம்ப்பெல் தரையிலும் தண்ணீரிலும் சாதனை படைத்தவர். மகன் 1955-இலிருந்து 1964 வரை தண்ணீர்ச் சாதனையை ஏழு முறை உயர்த்தினார். இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரியில் தொடங்கியபோது மணிக்கு 325 கிலோமீட்டர். 1964 டிசம்பர் 31 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 444. அதே ஆண்டு ஜூலையில் ஐயர் ஏரியின் உப்புத்தரையில் தரைச் சாதனையையும் பிடித்திருந்தார். ஒரே ஆண்டில் இரண்டையும் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் 300 மைல், அதாவது மணிக்கு 483 கிலோமீட்டர் என்ற இலக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. படகுக்கு அப்போது வயது பத்துக்கு மேல். பழைய மெட்ரோவிக் பெரில் இன்ஜினைக் கழற்றிவிட்டு, நாட் விமானத்தின் பிரிஸ்டல் ஆர்ஃபியூஸைப் போட்டார்கள். பெரிலைவிட எடை குறைவு, தள்ளுவிசை அதிகம். விபத்தில் அடிபட்ட ஒரு நாட் விமானத்தையே வாங்கிவந்து, அதன் வால் துடுப்பைக்கூடப் படகில் பொருத்தினார்கள்.

1966 நவம்பரில் இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரிக்கரையில் முதல் சோதனை. புது இன்ஜின் உறிஞ்சிய வேகத்தைப் பழைய காற்றுவாய்கள் தாங்கவில்லை. உள்பக்கமாக நொறுங்கி, உடைந்த துண்டுகள் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் பிளேடுகளுக்குள் போய்விட்டன. இன்ஜின் போயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். இன்ஜின் பட்டறையில் நாங்கள் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: உள்ளே போகக்கூடாத பொருள் உள்ளே போவது. ஒரு சின்ன நட்டு போதும். ஷிஃப்ட் முடியும்போது டூல் போர்டில் ஒவ்வொரு ஸ்பேனரும் அதன் வடிவம் வரைந்திருக்கும் இடத்தில் தொங்க வேண்டும். ஒன்று காலியாக இருந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

வாங்கிவந்த அந்த அடிபட்ட நாட் விமானத்துக்குள் இருந்த இன்ஜினை எடுத்து மாட்டினார்கள். காற்றுவாய்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருள் வழியில் ஒரு குறை, அதைத் தேடித் தீர்த்தார்கள். இடையே மழை, காற்று, குளிர். நவம்பர் போய் டிசம்பரும் போயிற்று. கரையில் நிருபர்கள், கையில் பணம் குறைந்துகொண்டே வருகிறது. மெக்கானிக் லியோ வில்லா மட்டும் அசையாமல் கூட இருந்தார். அப்பாவின் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தின் இயந்திரங்களைப் பார்த்துவந்தவர் அவர்.

1967 ஜனவரி 4, காலை. ஏரி அடங்கியிருந்தது. வடக்கிலிருந்து தெற்கே முதல் ஓட்டம்: 297.6 மைல், அதாவது 479 கிலோமீட்டர். திரும்பி வருவதற்கு முன் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கிளம்பிய அலைகள் அடங்கும்வரை நிற்கலாம். ஒரு மணி நேர விதி அதற்கு இடம் கொடுக்கிறது. அவர் நிற்கவில்லை. படகைத் திருப்பிக்கொண்டு உடனே கிளம்பினார். உச்சத்தில் 528 கிலோமீட்டர் வரை போனது. ரேடியோவில் பேசிக்கொண்டேதான் ஓட்டினார், மூக்கு எழும்புகிறது என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. படகு தண்ணீரைவிட்டு எழுந்து, ஒரு முழுச் சுற்றுப் புரண்டு, மூக்கு குத்தி விழுந்து உடைந்தது. அவருக்கு வயது 45.

ஏன் என்று இன்றும் வாதம் நடக்கிறது. முதல் ஓட்டத்தின் அலைகளா? எரிபொருள் குறைந்து படகு இலேசானதா? எழும்பும் நேரத்தில் இன்ஜின் அணைந்துபோய், மூக்கை அமுக்கிவைத்திருந்த உந்துவிசை இல்லாமல் போனதா? மூன்றும் சேர்ந்துதான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். உடனே திரும்பியதற்கும் ஒரு கணக்கு உண்டு. அலை இரு கரையிலும் மோதி ஏரி நடுவுக்குத் திரும்பும் முன்பே கடந்துவிடலாம் என்பது. ஆனால் அத்தனை வாரம் காத்திருந்தவர் இன்னும் அரை மணி நேரம் காத்திருக்கக் கூடாதா என்று மனசு கேட்காமல் இல்லை.

படகும் உடலும் 34 ஆண்டுகள் ஏரிக்கடியில் கிடந்தன. பில் ஸ்மித் என்ற பொறியாளர் நீரில் மூழ்கித் தேடிக் கண்டுபிடித்து, 2001 மார்ச்சில் படகை மேலே கொண்டுவந்தார். சில வாரங்களில் உடலும் கிடைத்தது. செப்டம்பரில் கானிஸ்டனிலேயே அடக்கம் செய்தார்கள். ஸ்மித்தும் தன்னார்வலர்களும் படகை மீண்டும் கட்டி, 2018-இல் ஸ்காட்லாந்தின் பியூட் தீவில் ஓட்டிக் காட்டினார்கள். அந்தப் படகிலும் ஆர்ஃபியூஸ்தான். அந்தக் காணொளியின் ஒலியைக் கேட்டுப் பாருங்கள். சுற்று ஏறும்போது வரும் அந்தச் சீழ்க்கை எனக்குப் பழக்கமான குரல்.

அந்த ஆர்ஃபியூஸ் இன்ஜினில் நீங்களே வேலை செய்திருக்கிறீர்களா? அது எப்படி இருக்கும்?
(ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்)

செய்திருக்கிறேன் தம்பி. பெங்களூருவில் லைசென்ஸ் பெற்றுத் தயாரித்த இன்ஜின் அது. நாட், அப்புறம் மாருத் போர் விமானம், அப்புறம் கிரண் மார்க் 2 பயிற்சி விமானம் எல்லாவற்றிலும் அதன் வகைகள்தான். மாருத்தில் இரண்டு இரண்டாக.

பிரித்து வைத்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். முன்னால் ஏழு அடுக்கு கம்ப்ரசர், நடுவில் எரிபொருள் எரியும் ஏழு ஃப்ளேம் டியூப், பின்னால் கம்ப்ரசரைச் சுழற்ற ஒரே ஒரு டர்பைன் சக்கரம். கம்ப்ரசரையும் டர்பைனையும் இணைக்கும் ஷாஃப்ட்தான் இதில் அழகு. ஒல்லியான கெட்டித் தண்டுக்குப் பதிலாக அகலமான, உள்ளீடற்ற, மெல்லிய குழாய். அது வளைந்துகொடுக்காது. ஆகவே நடுவில் பேரிங் தேவையில்லை, இரண்டு பேரிங்கோடு முடிந்தது. பிரிட்டிஷ் இன்ஜின் பொறியாளர் ஸ்டான்லி ஹூக்கரின் கைவண்ணம். பாகம் குறைந்தால் எடை குறையும், கோளாறும் குறையும்.

கம்ப்ரசர் பிளேடைச் சோதிக்கும்போது கண்ணைவிட விரல் நகம் கெட்டி. விளக்கைப் பிடித்துக்கொண்டு பிளேடின் முன்விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டினால், கண்ணுக்குப் படாத சின்ன வெட்டுகூட நகத்தில் மாட்டும். அளவுக்குள் இருந்தால் அரத்தால் வழித்துச் சரிசெய்யலாம். தாண்டினால் பிளேடையே மாற்ற வேண்டும். உன் வாத்தியார் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது கவனமாகக் கற்றுக்கொள். இன்றைய இன்ஜின்களுக்கும் இது பொருந்தும்.

எங்கள் ஊரில் இப்போது எல்லாமே மோட்டார் வள்ளம். என் தாத்தா பாய் மட்டும் கட்டி ஓடியவர். பாயில் ஓடுவதற்கும் வேகச் சாதனை உண்டா?
(மீனவர் குடும்பத்து வாசகர், தூத்துக்குடி)

உண்டு, அருமையான சாதனை. 2012 நவம்பர் 24 அன்று நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில், ஆஸ்திரேலியர் பால் லார்சன் 'வெஸ்டாஸ் செயில்ராக்கெட் 2' என்ற படகில் 500 மீட்டர் தூரத்துக்குச் சராசரியாக மணிக்கு 65.45 கடல் மைல் வேகத்தில் போனார். அதாவது மணிக்கு 121 கிலோமீட்டர். இன்ஜினே கிடையாது.

இடம் தேர்ந்தெடுத்ததைப் பாருங்கள், உங்கள் தாத்தா இருந்தால் மெச்சியிருப்பார். அங்கே ஒரு நீளமான மணல்திட்டு. காற்று அதைத் தாண்டித்தான் தண்ணீருக்கு வருகிறது. அதனால் காற்று பலமாக இருக்கும், அலை எழும்ப இடம் இருக்காது. கரையை ஒட்டியே ஓடினார்கள். இன்னொரு நுட்பம், தண்ணீருக்குள் இருக்கும் தகடு. அந்த வேகத்தில் சாதாரணத் தகட்டைச் சுற்றித் தண்ணீர் குமிழியாகக் கொதித்துப் பிடிமானம் போய்விடும். அதைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும், குமிழியோடு சேர்ந்தே வேலை செய்கிற மாதிரி ஆப்பு வடிவில் ஒரு தகடு செய்தார்கள். அதற்கு முன் அவர்களுடைய முதல் படகு ஓட்டத்தின் நடுவே காற்றில் எழும்பிக் குப்புறக் கவிழ்ந்திருக்கிறது. விடாமல் பத்தாண்டு உழைத்த சின்னக் குழு அது.

டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல் படகுச் சாதனையும் செய்தார் என்கிறான் என் நண்பன். உண்மையா?
(எட்டாம் வகுப்பு மாணவன், மதுரை)

உண்மைதான். உன் நண்பனுக்கு ஒரு சபாஷ். அவர் உருவாக்கிய எச்.டி.-4 என்ற படகு 1919 செப்டம்பர் 9 அன்று கனடாவின் பிராடோர் ஏரியில் மணிக்கு 114 கிலோமீட்டர் போய் உலகச் சாதனை படைத்தது. ஓட்டியவர் அவருடைய கூட்டாளி கேசி பால்ட்வின். பெல்லுக்கு அப்போது 72 வயது.

பெண்கள் யாரும் இதில் இல்லையா?
(வாசகி, ஈரோடு)

இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் லேடி ஆரன், பெயர் ஃபியோனா. 1980-இல் விண்டர்மியர் ஏரியில் மணிக்கு 100 மைலைத் தாண்டினார். 1989-இல், 71 வயதில், மின்சாரப் படகுக்கான உலகச் சாதனையை 50 மைலுக்கு மேல் கொண்டுபோனார். பேட்டரிப் படகெல்லாம் யாரும் பெரிதாக எண்ணாத காலம் அது.

என் மகன் பைக்கில் வேகமாகப் போகிறான். கேட்டால் சாதனை, துணிச்சல் என்கிறான். உயிரை விட்டவர்களை நீங்களும் புகழ்ந்து எழுதுவது சரியா?
(ஒரு தாய், சேலம்)

அம்மா, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இந்தச் சாதனை நிறையப் பேரைக் கொண்டுபோயிருக்கிறது. 1930-இல் ஹென்றி சீக்ரேவ், விண்டர்மியரில் சாதனை முறித்த அதே நாளில். அவரோடு படகில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர் விக்டர் ஹாலிவெல்லும் போனார், அவர் பெயரை இன்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? 1952-இல் லாக் நெஸ் ஏரியில் ஜான் காப். 1967-இல் காம்ப்பெல். 1980-இல் டாஹோ ஏரியில் லீ டெய்லர், 1989-இல் ஃப்ளோரிடாவில் கிரெய்க் ஆர்ஃபன்ஸ். கடைசி இருவரும் வார்பியின் 511-ஐத் தாண்டப் பார்த்தவர்கள்.

இவர்களை நான் மதிக்கிறேன், ஒளிக்கவில்லை. ஆனால் ஒருவர்கூட அடுத்தவர் நடமாடும் இடத்தில் வேகம் காட்டவில்லை. ஏரியில் வேறு படகு வராமல் பார்த்துக்கொண்டார்கள், மரத்துண்டு மிதக்கிறதா என்று தேடினார்கள், காற்று வீசினால் அன்றைக்கு ஓட்டம் ரத்து. சேலம் ரோட்டில் இதில் ஒன்றுகூட நடக்காது. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளை வரும். உங்கள் மகனுக்கு வார்பியைப் பற்றிச் சொல்லுங்கள். படிப்படியாக, ஆண்டுக்கணக்கில் வேகத்தை ஏற்றிக்கொண்டே போய், சாதனையும் படைத்து, 2023 பிப்ரவரியில் 83 வயதில்தான் கண்ணை மூடினார். தம்பிக்கு வேகம்தான் பிடிக்கும் என்றால் இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி ஒரு நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள். பந்தயத் தடத்தில் ஓட்ட உரிமம் வாங்கவும் நம் நாட்டிலேயே முறையான வழி இருக்கிறது.

இத்தனை ஆண்டாக ஏன் யாரும் முறியடிக்கவில்லை? இப்போது யாராவது முயற்சி செய்கிறார்களா?
(வாசகர், புதுச்சேரி)

பணம் கொடுக்க ஆள் வேண்டும். நீளமான, அமைதியான, அதிகாரிகள் அனுமதிக்கும் ஏரி வேண்டும். கரையில் பல மாதம் சம்பளமில்லாமல் நிற்கும் ஃபிட்டர்கள் வேண்டும். மேலே சொன்ன பெயர்ப் பட்டியலைப் பார்த்த பிறகும் இருக்கையில் உட்கார ஒருவர் வேண்டும். நான்கும் ஒன்றாகக் கூடுவது லேசில்லை.

ஆனாலும் முயற்சி நிற்கவில்லை. பிரிட்டனில் குவிக்சில்வர் என்றொரு திட்டம் நீண்டகாலமாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வார்பியின் மகன் டேவ் வார்பி மேல். அப்பாவும் மகனும் சேர்ந்து தொடங்கிய 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா 2' படகை அதே பிளவரிங் அணையில் கட்டம் கட்டமாகச் சோதித்துவருகிறார். அதில் இருப்பதும் ஆர்ஃபியூஸ்தான், இத்தாலியின் ஃபியட் ஜி.91 விமானத்துக்காகச் செய்த வகை.

இந்தப் படகுகளையும் அந்த இன்ஜினையும் நேரில் பார்க்க முடியுமா?
(வாசகர், வேலூர்)

முடியும். வார்பியின் மரப்படகு சிட்னியில் டார்லிங் ஹார்பரிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் சொத்து. புளூபேர்ட் 2024 மார்ச்சில் கானிஸ்டனுக்கே திரும்பிவந்து ரஸ்கின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பெங்களூரு பழைய ஏர்போர்ட் ரோட்டில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது. மாருத் விமானம் அங்கே நிற்கிறது. உள்ளே, குறுக்காக வெட்டிக் காட்சிக்கு வைத்த இன்ஜின்களில் ஆர்ஃபியூஸும் ஒன்று. குழாய் மாதிரியான அந்த ஷாஃப்டைத் தேடிப் பாருங்கள், வேலூரிலிருந்து காலை ரயிலைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.